டிசம்பர் பண்டிகைகள் எல்லாம் ஒரே சூரிய விழாவா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கிறிஸ்துமஸ், யூதர்களின் ஹனுக்கா, வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, பொங்கல் எல்லாம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்து குவிகின்றனவே, இவை அத்தனையும் பழங்காலத்துச் சூரிய விழா ஒன்றின் பிள்ளைகள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, உண்மையா என்பது ஒன்று. அப்படியானால் முஸ்லிம்களுக்கு மட்டும் ஏன் குளிர்காலப் பண்டிகை இல்லை என்பது இன்னொன்று. கேட்கும்போது மத வரலாறு போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது, ஒரு பண்டிகை ஏன் அந்தத் தேதியில் வந்து விழுகிறது என்பதைத்தான். அது கணக்கு. அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் மத அறிஞன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் தினசரி காலண்டருக்கு மேட்டர் தயாரிப்பதுதான் தொழில், இருபத்தாறு வருடமாகிறது. காலையில் நீங்கள் கிழித்துப் போடுகிற தாளில் திதி, நட்சத்திரம், ராகு காலம், உதயம், ஹிஜ்ரி தேதி என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதைச் சேர்த்துச் சரிபார்த்து புரூஃபுக்கு அனுப்புகிற ஆட்களில் ஒருவன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்குப் பூஜை போட்டு ஆல்பம் வெளியிட்டுவிடுவோம். அரசின் விடுமுறைப் பட்டியல் வருவதோ அதற்குச் சில மாதம் கழித்துத்தான். அதுவரை காத்திருந்தால் தொழில் நடக்காது. அதனால் எந்தப் பண்டிகை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதை நாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த அனுபவத்திலிருந்து சொன்னால், வீடியோவில் சொன்னது தவறு. முழுத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். உலகத்தின் குளிர்காலப் பண்டிகைகளில் ஒன்றிரண்டு இன்றைக்கும் சூரியன் திரும்பும் நாளில் கட்டிப்போட்டவை. ஒன்று, ஒரு காலத்தில் அந்த நாளோடு ஒட்டியிருந்து மெல்ல விலகி வந்தது. ஒன்றின் தேதி ரோமாபுரிக் கணக்கு. அதற்குள் சூரியன் எவ்வளவு இருக்கிறது என்று இன்னமும் வாதம் நடக்கிறது. மற்றவற்றுக்கு நிலாதான் எஜமான்.

சூரியன் திரும்பும் நாள் என்றால் டிசம்பர் 21 அல்லது 22. தென்கோடி வரை போன சூரியன் வடக்கே திரும்புகிற நாள். லண்டனில் அன்றைக்குப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மத்தியானம் டீ குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். அங்கே உள்ளவனுக்குச் சூரியன் தேய்ந்து போகிறதே என்ற கவலை வருவது நியாயம்தான். சென்னையில் அதே நாளில் பகல் 11 மணி 20 நிமிடத்துக்குக் குறைவதில்லை. இன்னொரு வேடிக்கை உண்டு. தாளில் உதய நேரத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிற எங்களுக்குத்தான் இது கண்ணில் படும். டிசம்பர் 21-க்குப் பிறகும் நம் ஊரில் உதயம் தள்ளிக்கொண்டேதான் போகும். சென்னைக்கு ஜனவரி மூன்றாம் வாரம் வரைக்கும் அப்படி. அஸ்தமனமோ நவம்பர் பிற்பகுதியிலேயே திரும்ப ஆரம்பித்துவிடும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்கிற வேலை இது. அதனால் மார்கழி முழுக்க, நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர்களுக்கு விடியல் நாளுக்கு நாள் பிந்துகிற மாதிரிதான் இருக்கும். சூரியன் செத்துப் பிழைத்தது என்று டிசம்பர் 22 அன்று கொண்டாட இங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. நம் ஊர்க் குளிர்காலம் என்பது மழை விட்ட காலம், பனி விழும் காலம், கதிர் முற்றும் காலம். நம் பண்டிகைகளைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவின் இருட்டைக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சூரியன் திரும்பும் நாளிலேயே கொண்டாடுவது யார் என்றால், ஈரானியர்களும் சீனர்களும். ஈரானில் யல்தா இரவு என்பது ஆண்டின் மிக நீண்ட இரவு. குடும்பமே விழித்திருந்து மாதுளையும் தர்பூசணியும் தின்று, ஹாஃபிஸ் கவிதை படித்து விடிய வைக்கும். அவர்களுடைய ஆண்டு மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் கணத்தை வைத்துத் தொடங்குவதால் இந்த இரவு இடம் மாறாது. யல்தா என்ற சொல்லோ சிரியாக் மொழிச் சொல். பிறப்பு என்று பொருள். கிறிஸ்தவர்கள் வழியாக ஈரானுக்குள் வந்த சொல் அது. சீனர்களின் டோங்ஷியும் அதே நாள்தான். அரிசிமாவு உருண்டைகளைப் பாகில் போட்டுத் தருவார்கள். நம் பால்கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள்.

அடுத்தது பொங்கல். தை முதல் நாள் உத்தராயணம் பிறக்கிறது என்று பஞ்சாங்கத்தில் இருக்கும், நாங்களும் அப்படித்தான் அச்சடிக்கிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்பி அதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இது ஏன்? நம் கணக்கு சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது: சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் தை. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவது போல மிக மெதுவாகத் தள்ளாடுவதால், திரும்பும் நாளுக்கும் ராசிக்கும் இடையில் ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் இருந்திருக்கும். ஆகவே பொங்கலுக்கு, சரியாகச் சொன்னால் மகர சங்கராந்திக்கு, சூரியன் திரும்புவதோடு உறவு இருந்தது என்பது உறுதி. நாள் விலகினாலும் பெயரை விடவில்லை. இந்த நகர்வைச் சட்டென்று பார்க்க ஓர் உதாரணம்: விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு மகர சங்கராந்தி. இப்போது அது 14-லோ 15-லோ வருகிறது. பொங்கல் ஏன் ஒரு வருடம் 14, ஒரு வருடம் 15 என்று ஆண்டுதோறும் யாராவது எங்களுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். 15-ஆம் தேதிகள் இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும்.

இப்போது கிறிஸ்துமஸ். உங்கள் வீடியோக்காரர் இதைத்தான் முக்கிய ஆதாரமாக வைத்திருப்பார், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கலாம்.

நற்செய்தி நூல்களில் இயேசு பிறந்த தேதி இல்லை. அதில் சந்தேகமே கிடையாது. டிசம்பர் 25 என்று தெளிவாக எழுத்தில் கிடைக்கும் பழைய சான்று, கி.பி. 354-ல் ரோமில் ஒரு செல்வந்தருக்காகத் தயாரான காலண்டர் தொகுப்பு. எழுதியவர் ஃபிலோகலஸ் என்கிற எழுத்துக் கலைஞர். 1,600 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு காலண்டர்காரர் போட்ட தேதியை வைத்து உலகம் சண்டை போடுகிறது என்பதில் எனக்குத் தொழில்முறையாக ஒரு பெருமை உண்டு. அந்தத் தொகுப்பில் ஒரு பக்கத்தில் டிசம்பர் 25-க்கு நேரே, வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள் என்று இருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியன் என்றுதான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். இன்னொரு பகுதியில் அதே நாளுக்கு, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று இருக்கிறது. ஒரே கட்டுக்குள் இரண்டும்.

இதற்குமேல் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. பேரரசர் அவ்ரேலியன் 274-ல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தார், மக்கள் கொண்டாடிய அந்த நாளின் மேல்தான் திருச்சபை தன் பண்டிகையை வைத்தது என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சி கணக்குக் கட்சி. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25, தாய் வயிற்றில் கருவானதும் அதே தேதிதான் என்று பழைய கிறிஸ்தவர்கள் சிலர் நம்பினார்கள். மார்ச் 25-உடன் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் இந்தக் கணக்கை எழுதியே வைத்திருக்கிறார். கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. எனக்குக் கணக்குக் கட்சி பக்கம்தான் சாய்வு. ஜனவரி 6-க்கும் சேர்த்து விடை சொல்வது அதுதான். ஆனால் சூரியக் கட்சியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அந்த 354 காலண்டரின் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டார்கள். வீடியோக்களில் வருகிற மித்ரா, ஹோரஸ் என்ற பழங்காலத் தெய்வங்களும் டிசம்பர் 25-ல் பிறந்தவர்கள் என்ற கதைக்கு மட்டும் பழைய சான்று எதுவும் கிடையாது. சாட்டர்னேலியா என்ற ரோமத் திருவிழாவையும் இழுப்பார்கள். அது டிசம்பர் 17-ல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

சூரிய விழாவென்றால் 21-ல் இருக்கவேண்டாமா, ஏன் 25 என்று அடுத்து உங்களுக்குத் தோன்றலாம். ஜூலியஸ் சீசர் காலண்டரைத் திருத்தியபோது ரோமர்கள் சூரியன் திரும்பும் நாளை டிசம்பர் 25 என்றே எழுதி வந்தார்கள். சீசரின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடப் பதினோரு நிமிடம் நீளம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது சறுக்கியது. 1582-ல் போப் கிரகோரி பத்து நாளை வெட்டினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. ஆனால் அவர் சரிசெய்தது நிசேயாவில் திருச்சபைப் பொதுச்சங்கம் கூடிய 325-ஆம் ஆண்டு நிலைக்கு, சீசர் காலத்து நிலைக்கு அல்ல. அதனால் திரும்பும் நாள் 21-லேயே நின்றுவிட்டது, பண்டிகை 25-லேயே இருந்துவிட்டது.

அந்தத் திருத்தத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்கவில்லை. பிரான்ஸ் அதே 1582-ல் மாறியது. இங்கிலாந்து 1752 வரை பிடிவாதமாக இருந்தது. விளைவு நம் கடற்கரையிலும் தெரிந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் அவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. அன்றைக்கு யாராவது ஒரு காலண்டர்காரன் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் சேர்த்து ஒரே தாள் அடித்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் முடிந்து, பலகாரமெல்லாம் தீர்ந்து, பதினோரு நாள் கழித்துத்தான் சென்னை ஆங்கிலேயருக்குக் கிறிஸ்துமஸ். ரஷ்யத் திருச்சபை இன்னும் சீசர் கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பதால் அங்கே ஜனவரி 7. உக்ரைன் 2023-ல் டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது. கணக்கை மாற்றாமலே இருந்தால், 2100-க்குப் பிறகு ரஷ்யர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 8 ஆகிவிடும்.

ஹனுக்காவுக்கு வருவோம். கி.மு. 164-ல் மக்கபேயர் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டு, சுத்தப்படுத்தி, மறுபடி அர்ப்பணித்த நினைவு இது. தமிழ் பைபிளில் யோவான் பத்தாம் அதிகாரத்தில் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை என்று வருவது இதைத்தான். அது மாரிகாலம் என்றும் அங்கே இருக்கிறது. குளிர்காலத்துக்கு மாரிகாலம் என்று போட்ட அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நம் ஊர் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எட்டு நாள், முதல் நாள் ஒரு விளக்கு, அடுத்த நாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கிஸ்லேவ் மாதம் 25-ல் தொடக்கம். அவர்களுடைய மாதம் நம் அமாவாசைக்கு அடுத்துத் தொடங்குவது. ஆகவே 25 என்றால் நல்ல தேய்பிறை. எட்டு நாள் போவதற்குள் அமாவாசை வந்துபோய்விடும். நம் தீபாவளி போலவே நிலா இல்லாத இரவில் விளக்கு வைக்கிற பண்டிகை, அவ்வளவுதான் ஒற்றுமை. நவம்பர் கடைசியில் தொடங்கும் ஆண்டும் உண்டு, கிறிஸ்துமஸ் அன்று தொடங்கும் ஆண்டும் உண்டு. 2005-ல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது. அடுத்து அதே மாலையில் தொடங்கியது 2024-ல். இடையில் சரியாக 19 ஆண்டு.

இந்த 19 தற்செயல் அல்ல. 19 சூரிய ஆண்டும் 235 நிலா மாதமும் ஏறக்குறைய ஒரே நீளம். நிலாவையும் சூரியனையும் ஒரே வண்டியில் பூட்ட நினைக்கிற எல்லாக் கணக்கும் இந்த எண்ணிடம் வந்துதான் சேரும். யூதர்கள் 19 ஆண்டில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நாமும் அதிக மாசம் சேர்க்கிறோம். நிலா மாதமாகவே எண்ணினால் ஆண்டுக்குப் பதினோரு நாள் குறையும். அதை அவ்வப்போது இட்டு நிரப்பாவிட்டால் பண்டிகை பருவத்தை விட்டு ஓடிவிடும்.

வைகுண்ட ஏகாதசியும் இந்த வண்டியில்தான் ஓடுகிறது. மார்கழி என்பது சூரியக் கணக்கு, வளர்பிறை ஏகாதசி என்பது நிலாக் கணக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் சொர்க்கவாசல் திறக்கும். மார்கழியோ டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. ஆகவே ஆங்கில ஆண்டு ஒன்றில் இரண்டு முறை வரலாம், வராமலும் போகலாம். 2023-ல் ஜனவரி 2 ஒன்று, டிசம்பர் 23 ஒன்று. 2024-ல் இல்லவே இல்லை. 2025-ல் ஜனவரி 10, டிசம்பர் 30. 2024 காலண்டர் கடைகளுக்குப் போன பிறகு ஒரு டீலர் போன் செய்தார். நகைக்கடைக்காரர் ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுத்தவர். "அண்ணாச்சி, வைகுண்ட ஏகாதசியையே விட்டுட்டீங்களே, பார்ட்டி கத்துறாரு." ஏகாதசி ஜனவரி 10, 2025-க்குப் போய்விட்டது என்று விளக்கினேன். "அதெப்படி ஒரு வருசத்துக்கு ஏகாதசி இல்லாம போகும்?" என்றார். ஆங்கில வருடத்துக்குத்தான் இல்லை, தமிழ் வருடத்துக்கு உண்டு என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. 2020-ல் அது சரியாக டிசம்பர் 25-ல் விழுந்தது. அதைப் பார்த்து யாராவது கிறிஸ்துமஸுக்கும் ஏகாதசிக்கும் ஒரே வேர் என்று சொல்லியிருந்தால், மறு வருடம் ஸ்ரீரங்கத்தில் டிசம்பர் 14-லும் மற்ற ஊர்களில் 2022 ஜனவரி 13-லும் வந்ததை எப்படிச் சொல்வார்? ஸ்ரீரங்கத்தில் அந்த ஆண்டு மட்டும் கார்த்திகை மாதத்திலேயே ஏகாதசி வைத்தார்கள். மார்கழிக் கடைசியில் வைத்தால் தை மாத உற்சவத்தோடு மோதும் என்பதால், 19 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி முன்னால் நகர்த்துவது அங்கே வழக்கம். மறுபடியும் அதே 19.

கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் மூன்றும் இன்னொரு ரகம். இவை பௌர்ணமியை ஒட்டிய பண்டிகைகள். அந்தந்த மாதத்தில் முழுநிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்குமோ அந்த நட்சத்திரத்தின் பெயரில் விழா. இதில் கார்த்திகையின் பழமைக்கு அகநானூறே சாட்சி. மழை நின்ற வானத்தில் நிறைமதி அறுமீனோடு, அதாவது கார்த்திகை நட்சத்திரத்தோடு, சேரும் நள்ளிரவில், தெருவெல்லாம் விளக்கு வைத்துக் கொண்டாடியதை நக்கீரர் பாடியிருக்கிறார். இதை நீங்களே சரிபார்க்கலாம். தீபத்தன்று நடு இரவில் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். நிலா ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே இருப்பதால் அதற்கு நேர் எதிரே நிற்கிற முழுநிலா வடக்கே உயர்ந்துதான் வரும். கையை நீட்டி நிலாவின் வெளிச்சத்தை மறைத்தால் பக்கத்தில் ஆறு பொடி நட்சத்திரங்கள் கொத்தாகத் தெரியும். திருவண்ணாமலையில் 2,668 அடி உச்சியில் கொப்பரை எரிகிறபோது அதற்கும் மேலே இந்தக் காட்சி நடந்துகொண்டிருக்கும். சூரியன் திரும்புவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தேதி என்பது எவ்வளவு தூரம் காலண்டர் செய்கிற வேலை என்பதற்கு ஜப்பானைச் சொல்வேன். புத்தர் ஞானம் பெற்ற நாளை அவர்கள் டிசம்பர் 8-ல் நினைவுகூர்கிறார்கள். உண்மையில் அது சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள். பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஜப்பான் 1873-ல் ஐரோப்பியக் காலண்டருக்கு மாறியபோது மாத எண்ணையும் நாள் எண்ணையும் அப்படியே தூக்கிப் புதுக் காலண்டரில் வைத்துவிட்டார்கள். இலங்கையிலோ வேறு மாதிரி. டிசம்பர் பௌர்ணமி உந்துவப் போயா; அது அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கன்றை, அதாவது போதிமரக் கன்றை, கொண்டுவந்த நாளின் நினைவு. ஞானம் பெற்ற நாளை அவர்கள் வெசாக்கில், மே மாதத்தில், கொண்டாடுகிறார்கள். ஒரே மதம், ஒரே நிகழ்ச்சி, ஒரு நாட்டில் குளிர், ஒரு நாட்டில் கோடை.

பண்டிகைகள் ஊர்விட்டு ஊர் போவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகவே போகும். நம் திருவெம்பாவை தாய்லாந்து வரைக்கும் போயிருக்கிறது. பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் திரியம்பவாய் என்று பெயர். பெயரிலேயே திருவெம்பாவை இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் பிரம்மாண்டமான ஊஞ்சலில் ஆடுவதும் உண்டு. 1935-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப் போனதற்குப் பாட்டும் பெயரும் சடங்கும் சாட்சியாகக் கிடைக்கின்றன. ஒரே மாதத்தில் வருகின்றன என்பதை மட்டும் வைத்து உறவு சொல்வது, ஒரே பஸ்ஸில் வந்தவர்களையெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்வது போல.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி. முஸ்லிம்களுக்குக் குளிர்காலப் பண்டிகை இல்லை என்பது சரியில்லை. அவர்களுக்கு எந்தப் பருவத்துக்கும் நிலையான பண்டிகை கிடையாது, அவ்வளவுதான். ஹிஜ்ரி ஆண்டு முழுக்க நிலா ஆண்டு, 354 அல்லது 355 நாள். அதிக மாசம் சேர்க்கிற பழைய அரபு வழக்கத்தைக் குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம் வெளிப்படையாகத் தடுத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பண்டிகையும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். நாகூர் கந்தூரியையே பாருங்கள். ஹிஜ்ரி மாதம் ஜமாதுல் ஆகிரில் வருவது. 2022 டிசம்பரில் கொடியேறி 2023 ஜனவரித் தொடக்கத்தில் சந்தனக்கூடு. கிட்டத்தட்ட வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் அதுவும் ஒரே சமயம். இன்னும் சில ஆண்டில் அது அக்டோபர் மழையில் நனையும். ரம்ஜானும் 1997-லிருந்து ஐந்தாறு ஆண்டு டிசம்பர், ஜனவரியில்தான் இருந்தது. மறுபடி அங்கே வந்துகொண்டிருக்கிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பரில் இன்னொரு நோன்பு தொடங்கும்.

இதை நான் மறக்க முடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1999-ல் வேலைக்குச் சேர்ந்த புதிது. 2000-ஆம் ஆண்டு மேட்டர் புரூஃப் என் கைக்கு வந்தது. ஜனவரித் தொடக்கத்தில் ரம்ஜான் பண்டிகை என்று இருந்தது, டிசம்பர் கடைசி வாரத்திலும் ரம்ஜான் பண்டிகை என்று இருந்தது. கம்போஸ் செய்தவன் தவறிப்போய் இரண்டுமுறை போட்டுவிட்டான் என்று நினைத்து, சிவப்பு மையால் டிசம்பரை அடித்து, ஓரத்தில் டபுள் என்று வேறு எழுதி வைத்தேன். புத்திசாலித்தனமாக வேலை செய்த திருப்தி. பிளேட் போடுவதற்கு முந்தைய நாள் பெரிய அண்ணாச்சி பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 354 என்று எழுதி, அதன் கீழே 365 என்று எழுதி, "கழிச்சுப் பாருப்பா" என்றார். அப்புறம் அவரே அந்தச் சிவப்புக் கோட்டின் கீழ் புள்ளி புள்ளியாக வைத்து, இருக்கட்டும் என்று எழுதினார்.

2033-லும் அப்படித்தான் வரும். ஜனவரி தொடக்கத்தில் ஒரு ரம்ஜான் பண்டிகை, டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்னால், பிறையைப் பொறுத்து, இன்னொன்று. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். எங்கள் கம்ப்யூட்டரில் 2033 என்று ஒரு ஃபைல் இப்போதே திறந்து, அதில் ஒரே ஒரு வரி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்: "இரண்டு ரம்ஜான். அடிக்க வேண்டாம்."